ஜீப்புக்கு எதற்குப் பொய்ச் சீருடை?

பழைய ஜீப்பை வாங்கிப் புதுப்பிப்பதை நாம் குறைகூற வரவில்லை. புளியமரத்தடியில் துருவேறிக் கிடந்த வண்டியை இழுத்துவந்து, எஞ்சினை இறக்கி, டிங்கரிங் செய்து, மாதக்கணக்கில் பாடுபட்டு ஓடவைப்பவரின் பொறுமை போற்றத்தக்கதே. எறிந்துவிட்டுப் புதியதை வாங்கும் இக்காலத்தில் அது ஓர் அறமும்கூட. நாம் மறுப்பது அதன்பின் நடப்பதை. வண்டிக்கு உயிர் வந்ததும் ஆலிவ் பச்சை பூசுகிறார்கள். பானெட்டில் அமெரிக்கப் படையின் வெள்ளை நட்சத்திரத்தை வரைகிறார்கள். பின்னால் ஒரு ஜெரிகேனையும் பக்கவாட்டில் கோடரியையும் மாட்டிவிட்டு, இதுவே மீட்டெடுத்தல் என்கிறார்கள். மீட்டெடுத்தல் என்பது இருந்ததை இருந்தபடி மீட்பதன்றோ?

இருந்தது எது? 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர் ஜீப்புகளைச் செய்தன. நம் பக்கத்துக் கயத்தாற்றிலும் அப்போது விமானத்தளம் இருந்தது. அங்கும் சில ஓடியிருக்கலாம். ஆயினும் நெல்லைப் பட்டறைகளில் இன்று நிற்பவை பெரும்பாலும் அவையல்ல. 1947இல் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா நிறுவனம், பின்னர் பல பத்தாண்டுகள் செய்துவந்த வண்டிகளே அவை. பார்த்தாலே தெரியும். போர் ஜீப்பின் முகத்தில் 9 பிளவுகள். போருக்குப் பின் வில்லிஸ் செய்த ஜீப்பில் 7. உயரமான எஞ்சினுக்காகப் பானெட்டைத் தூக்கிவைத்த சி.ஜே.3பி என்னும் வகை அமெரிக்காவிலேயே 1953இல்தான் வந்தது. 'சி.ஜே.' என்பதன் பொருளே குடிமக்களின் ஜீப் என்பது. அதற்கு 1944ஆம் ஆண்டின் நட்சத்திரமா?

1945இலேயே வில்லிஸ் நிறுவனம் அந்த ஜீப்பை உழவருக்கென மாற்றி விற்க முற்பட்டது. பின்கதவு வைத்தது, எஞ்சின் விசையால் பண்ணை எந்திரங்களை இயக்கவும் வகைசெய்தது. வாள் கொழுவாகும் நாளை எசாயா இறைவாக்கினர் கனவு கண்டார். விற்பனை ஆசையால்தான் என்றாலும், ஒரு வாகனத் தொழிற்சாலையில் அது சிறிதளவு நிறைவேறியது. நம் நண்பர்களோ கொழுவை மீண்டும் வாளாக்குகிறார்கள். அதுவும் அட்டை வாளாக.

தாமிரபரணிக் கரையில் ஜீப் ஆற்றிய பணியை நம் முதியோர் அறிவர். பொறியாளரை அணைக்கு ஏற்றிச்சென்றது அதுதான். மலைத்தோட்டப் பாதைகளில் பேருந்து தயங்கிய ஏற்றங்களில் அது ஏறியது. ஐ.நா. குழந்தைகள் நிதியம் வழங்கிய ஜீப்புகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தன. தேரி மணலைக் கடந்து கிளைப்பங்குக்குப் பூசை வைக்கப்போன குருக்களுக்கும் அது கால்களாயிற்று. (தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கி கட்டி நம் தூக்கத்தைக் கெடுத்ததும் அதுவே, அதை மன்னித்துவிடலாம்.) கதவில் எழுதியிருந்த துறையின் பெயரைச் சுரண்டியெடுப்பவர் அறிந்தோ அறியாமலோ இந்த வரலாற்றையே சுரண்டுகிறார்.

சட்டமும் இதை ஏற்கவில்லை. பாதுகாப்புத் துறையின் வாகனங்களைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை பூசலாகாது என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி. 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவுசெய்ய 2021இல் வந்த விதிகளும் மூல வடிவம் சிதையாதிருக்க வேண்டும் என்கின்றன.

"வெறும் விளையாட்டுத்தானே, ஏன் இத்தனை கடுமை?" என்பாருமுளர். நம் மாவட்டத்து முகாம்களில் ஈழத்து ஏதிலியர் வாழ்கின்றனர். இராணுவ ஜீப்பின் ஓசை கேட்டதும் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். திருமண ஊர்வலத்தில் நட்சத்திர ஜீப்பின்மீது மணமகனை நிறுத்தி வெடி வெடிக்கும்போது, ஓரமாய் ஒதுங்கி நிற்கும் அந்தத் தாய்க்கு இது விளையாட்டாய் இராது. போரைக் காணாதவனுக்கே போர்க்கோலம் அழகு.

உண்மையாகவே படையில் உழைத்த வண்டிகளும் உண்டு. ஜபல்பூர் தொழிற்சாலையில் நம் இராணுவத்துக்கெனச் செய்யப்பட்ட ஜோங்கா அத்தகையது. ஏலத்தில் முறையாக எடுத்து, பொறுப்பாகப் பேணுவோரை நாம் வணங்குகிறோம். அந்த வண்டி பொய் சொல்லவில்லை.

மற்றவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. பழைய பெயின்டைச் சுரண்டும்போது அடியில் முதல் நிறம் தெரியும். வெள்ளையோ, சாம்பலோ, நீலமோ, அதையே பூசுங்கள். கதவில் ஏதேனும் துறையின் எழுத்து மங்கலாய்த் தெரிந்தால், சுரண்டுமுன் ஒரு நிழற்படமாவது எடுத்துவையுங்கள்.