மாவரைத்து வைத்துவிட்டு விமானம் ஏறு

ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறார்கள். 2023 ஜனவரியில் டெல்லி அரசு தன் பள்ளி ஆசிரியர்களைப் பின்லாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப முற்பட்டபோது, செலவுக்கு ஏற்ற பலன் உண்டா என்று கேட்டார் துணைநிலை ஆளுநர். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் ஊர்வலம் போனார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, 'கனவு ஆசிரியர்' தேர்வில் முன்னணியில் வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் பிரான்ஸுக்கு அழைத்துச் சென்றது. எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் அதே கணக்குதான் ஓடியது. "மக்கள் வரிப்பணத்துல ஈபிள் டவர் பாக்கணுமா?"

பார்க்கணும் என்பதுதான் என் பதில். ஆனால் இந்தக் கணக்குப்பிள்ளைகள் யாரும் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. அதை எழுதிக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் போக வேண்டும்? பத்தொன்பது ஆண்டுகளாக அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி வரும். ரொட்டிக்கு வழியில்லாமல் 1789 அக்டோபர் 5 அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் கொட்டும் மழையில் வெர்சாய் அரண்மனைக்கு நடந்தே போனார்கள் என்று சொல்வேன். "எவ்ளோ தூரம் டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். "சுமார் இருபது கிலோமீட்டர்" என்பேன். என் வாயில் அது வெறும் எண். அந்தச் சாலையில் கால் வலிக்க நடந்து பார்த்த ஆசிரியை சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

அதே பாரிஸில் பாந்தியோன் இருக்கிறது. நாட்டின் பெருமைக்குரியவர்களை அடக்கம் செய்யும் இடம். மாமனிதர்களுக்கு நாடு நன்றி சொல்வதாக முகப்பில் பொறித்திருக்கிறார்கள். மனிதர் என்பதற்கு அங்கே போட்டிருக்கும் சொல்லுக்கு ஆண் என்றும் பொருள். அங்கே முதலில் இடம் பெற்ற பெண் சோஃபி பெர்தெலோ, 1907இல். வேதியியல் அறிஞர் மார்செலின் பெர்தெலோவின் மனைவி என்பதால் கிடைத்த இடம் அது. கணவனும் மனைவியும் ஒரே நாளில் இறந்தார்கள், பிரிக்க வேண்டாமென்று சேர்த்து வைத்தார்கள். சொந்தச் சாதனைக்காக ஒரு பெண் அந்த வாசலுக்குள் போக 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் மேரி கியூரி. இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், பெண் ஆசிரியர்களை உருவாக்கிய செவ்ரு கல்லூரியில் பாடம் நடத்திய ஆசிரியையும்கூட. இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவருக்கு அங்கே இடம்.

மனைவி உள்ளே போனதற்கும் விஞ்ஞானி உள்ளே போனதற்கும் நடுவே 88 ஆண்டுகள். அந்த இரண்டு கல்லறைகளையும் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் ஆசிரியை எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். அவர் ஒரு பெண்ணாக, தனியாகப் போய் வந்தவராக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். "டீச்சர், நீங்க மட்டுமா போனீங்க?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வரும். "ஆமா" என்ற அந்த ஒற்றைப் பதிலும் பாடம்தான்.

இனி, யாரும் எழுதாத அந்தச் செலவு.

ஓர் ஆண் ஆசிரியர் ஒரு வாரம் வெளிநாடு போகிறார். டிக்கெட் அரசுடையது. அந்த வாரம் பிள்ளையைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பது எல்லாம் மனைவி. அதற்கு முன்னால், அவர் தேர்வுக்குப் படித்த மாலைகளில் டீ போட்டுக் கொடுத்ததும், பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டதும் அவரே. ஆக, அந்தப் பயணத்துக்குச் செலவு செய்தவர்கள் இரண்டு பேர். அரசுக்கு நன்றி சொல்லிப் பேனர் வைக்கிறோம். இன்னொருவர் பெயர் பேனரில் இல்லை.

ஒரு பெண் ஆசிரியர் போகிறார். ஒரு வாரத்துக்கு மாவரைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறார். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு என்று டப்பா டப்பாவாகப் பெயர் எழுதி ஒட்டுகிறார். ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்கிறார். முட்டி வலியோடு பேருந்து ஏறி வரும் அந்த அம்மா, மகளின் வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். கணவர் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஊர் முழுக்க ஒரே விசாரிப்பு: "வீட்ல விட்டாங்களா?" துறை தரும் தடையில்லாச் சான்று காகிதத்தில் வரும், கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். வீடு தரும் தடையில்லாச் சான்றுக்குக் காகிதம் கிடையாது. விமானம் ஏறும் நிமிடம் வரை அதைத் திரும்பப் பெறலாம்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மூன்று வார வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றுக்கு நேர்காணல். "பையனுக்கு என்ன வயசு? யார் பாத்துப்பாங்க?" என்பதுதான் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்கு அடுத்துப் போன ஆசிரியருக்கும் இரண்டு குழந்தைகள், சின்னதற்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அவரிடம் கற்பித்தல் முறை பற்றிக் கேட்டார்கள். அவர் போனார், நான் காத்திருப்போர் பட்டியலோடு நின்றேன். அவர் நல்ல ஆசிரியர், அவரோடு எனக்குச் சண்டையில்லை. அந்தக் கேள்வியோடுதான் சண்டை. கேட்டவர் அதை அக்கறை என்று நினைத்துத்தான் கேட்டார். அக்கறை என்றால் ஏன் ஒருவரிடம் மட்டும்?

"தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதானே, தகுதி உள்ளவர் போகட்டும்" என்பார்கள். வினாத்தாள் ஒன்றுதான். அதற்குப் படிக்கக் கிடைத்த மாலை நேரம் ஒன்றா? பள்ளி விட்டதும் ஒருவர் நாற்காலிக்குப் போகிறார், இன்னொருவர் அடுப்படிக்குப் போகிறார். பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரவு பத்தரைக்குப் புத்தகம் திறக்கிறவரையும், ஆறு மணிக்கே திறக்கிறவரையும் ஒரே பந்தயத்தில் ஓடவிட்டு, ஜெயித்தவரைத் தகுதியானவர் என்கிறோம்.

"பேர் கேட்டால் பெண்களே வேண்டாம் என்கிறார்கள்" என்பது அடுத்த வாதம். சொல்கிறார்கள், உண்மைதான். போய் வந்தபின் ஆறு மாதத்துக்குக் கேட்க வேண்டிய பேச்சையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள். அதற்கு ஆர்வமின்மை என்று பெயர் வைக்காதீர்கள்.

பண்டித ரமாபாயைப் பாருங்கள். கணவரை இழந்த அவர் 1883இல் இரண்டு வயது மகள் மனோரமாவோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1886இல் அமெரிக்கா போனார், கிண்டர்கார்ட்டன் முறையைக் கற்றார். திரும்பி வந்து 1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். வெளிநாட்டில் கற்றது உள்ளூர் வகுப்பறைக்கு எப்படி வந்து சேரும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். குழந்தை இருக்கிறதே என்ற கேள்விக்கும் 140 ஆண்டுகளுக்கு முன்பே அவர் பதில் சொல்லிவிட்டார். ஆனால் ஒவ்வொரு ஆசிரியையும் ரமாபாயாக இருந்தால்தான் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும் என்றால், அது உரிமை இல்லை.

ஆகவே கேட்கிறோம். வெளிநாட்டுப் பயணம் பரிசாக இருக்க வேண்டாம், பணியின் பகுதியாக இருக்கட்டும். பாதி இடம் பெண்களுக்கு. தேர்வுக்கான படிப்புக்குப் பணி நேரத்திலேயே நேரம் ஒதுக்குங்கள். பயணச் செலவில் டிக்கெட், தங்குமிடம், உணவு என்று எழுதும் இடத்தில், வீட்டிலுள்ள குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்பவருக்கான படியையும் ஒரு வரியாக எழுதுங்கள். கைக்குழந்தையோடு வர விரும்பும் ஆசிரியைக்கு அனுமதி கொடுங்கள். நேர்காணலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் ஆண்களிடமும் கேளுங்கள், இல்லையேல் யாரிடமும் கேட்காதீர்கள். மாதம் 1000 ரூபாய்க்கு இல்லம் தேடிக் கல்வி கொண்டுபோன பெண்களையும், அங்கன்வாடி ஆசிரியைகளையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதை நேரில் பார்த்து வர அவர்களைவிட உரியவர் யார்?

படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று. நாளை நீங்களும் ஆசிரியர் ஆவீர்கள், பயணப் பட்டியலில் உங்கள் பெயரும் வரும். அப்போது வீட்டில் மாவரைக்க யார் இருக்கிறார்கள் என்று தேடாதீர்கள். கூட வாழ்கிறவருக்குக் கிரைண்டர் போடத் தெரியுமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெரியாது என்றால் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நாம் பின்லாந்து வரை போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றால், அவர் அடுப்படி வரை வந்து கற்றுக்கொள்ளலாம்.