மீன்களுக்கும் ஓர் எல்லை வேண்டும்

நிலத்திற்கு எல்லைக்கல் நடுகிறோம். வீட்டிற்குச் சுற்றுச்சுவர் எழுப்புகிறோம். காட்டிற்கு வேலி இடுகிறோம். நீருக்குள் வாழும் உயிர்களுக்கு எல்லை வகுப்பது எங்ஙனம் என்னும் வினா எழும்போது மட்டும் தயங்கி நின்றுவிடுகிறோம். ஆண்டு முழுவதுமோ இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமோ வலையும் தூண்டிலும் நுழையாத நீர்ப்பகுதியை மீன் அடைக்கலம் எனலாம். அத்தகைய அடைக்கலங்களை நம் மாவட்டத்து நீர்நிலைகளில் வகுத்தலும், மீன்பிடி விதிகளைக் காலத்திற்கேற்பத் திருத்தி அமைத்தலும் உடனடித் தேவைகள் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் வரம்பு

திருவண்ணாமலைச் சீமைக்கும் மீனுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. செங்கத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாத்தில், வலைஞர் கொணர்ந்த வாளை மீனும், நீண்ட கயிறுடைய தூண்டிலில் அகப்பட்ட சிவந்த கண்ணுடைய வரால் மீனும் விருந்தாகப் பேசப்படுகின்றன. வலையும் தூண்டிலும் ஒருங்கே இயங்கிய நாடு நம் நாடு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிடிக்கத் தெரிந்த தமிழர், பிடியாமல் இருக்கவும் தெரிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, முழுநிலவு நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாது ஓய்ந்திருந்து விழாக் கொண்டாடியதைக் காட்டுகிறது. அவர்தம் நோக்கம் வழிபாடாயினும், திங்களுக்கு ஒரு நாள் கடலுக்கும் ஓய்வு கிடைத்தது. அதே முழுநிலவு நாளில் இலட்சக்கணக்கானோர் மலையை வலம்வரும் இந்நகரில் வாழும் நாம் இச்செய்தியை எண்ணிப் பார்த்தல் தகும்.

கோயில் குளத்து மீனுக்குப் பொரி இடும் கைகள் அதனைப் பிடிக்கத் துணிவதில்லை. சிருங்கேரியில் துங்கை ஆற்று மீன்கள் இவ்வாறே காக்கப்படுகின்றன. வங்கதேசத்துச் சட்டோகிராம் நகரில் பாயஸீத் பிஸ்தாமி பெயரால் விளங்கும் தர்காவின் குளம், கருநிற மென்னோட்டு ஆமைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளது. இயற்கைச் சூழலில் அற்றுப்போய்விட்டதாக 2002-இல் பட்டியலிடப்பட்ட இனம் அது. ஒரு குளத்தின் மீது மக்கள் வைத்த மதிப்பு அதற்கு அரணாயிற்று. சமயங்கள் வேறாயினும் அடைக்கலம் தரும் மனம் ஒன்றே.

சட்டம் வந்த வழி

எழுதப்பட்ட சட்டம் நம் மாநிலத்தில் எங்கிருந்து தொடங்கியது? 1879-இல் நீலகிரிக்கென வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. குளிர்மலையில் ஓய்வெடுத்த ஆங்கிலேயரின் வேட்டைக்கும் தூண்டில் விளையாட்டிற்கும் இரை குறையாதிருத்தல் வேண்டும் என்பதே அதன் பின்னணி. பின்னர் டிரவுட் என்னும் வெளிநாட்டு மீனையும் கொணர்ந்து அம்மலை ஓடைகளில் வளர்த்தனர். சிலரின் பொழுதுபோக்கிற்காகப் பிறந்ததாயினும், பருவம் பார்த்து, உரிமம் பெற்று, அளவறிந்து பிடித்தல் என்னும் நெறி அங்குதான் வேரூன்றியது.

1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், நீரில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. வலையின் கண்ணி அளவு முதலியவற்றிற்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குத் தந்தது. குறிப்பிட்ட நீர்ப்பகுதியில் இரண்டாண்டுக்கு மிகாமல் மீன்பிடிப்பை நிறுத்தி வைக்கவும் அதில் இடமுண்டு. நூறாண்டுகளுக்கு முன்பே அடைக்கலத்திற்கான விதை ஊன்றப்பட்டுவிட்டது என்பது இதனால் புலனாகும்.

கடலைப் பொறுத்தவரை நாம் வெகுதொலைவு வந்துவிட்டோம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள பகுதி நாட்டுப்படகினருக்கென ஒதுக்கப்பட்டது. 2001 முதல் 45 நாள்களாக இருந்த மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. பாக் விரிகுடாவில் 2022-இல் கடற்பசுவிற்கென 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. கடலோரச் சிறுவனைக் கேட்டால் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கும் என்று தயங்காமல் சொல்வான். நம்மூர் ஏரிக்கரைச் சிறுவனைக் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? அங்கேதான் நம் குறை தொடங்குகிறது.

சொல் மாறினால் பொருள் மாறும்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் எழுதப்பட்டபோது விலங்கு என்னும் சொல்லுக்குத் தந்த விளக்கத்தில் மீன் இடம்பெறவில்லை. 2001-இல் திமிங்கலச் சுறா அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2002-இல் செய்யப்பட்ட திருத்தமே மீனையும் விலங்கு என்னும் சொல்லுக்குள் கொண்டுவந்தது. ஒரு சொல்லின் பொருள்விளக்கத்தைத் திருத்த முப்பது ஆண்டுகள் ஆயின. மொழி பயிலும் மாணவர்கள் இதனை உன்னிப்பாகக் காண வேண்டும். சட்டத்தில் ஒரு சொல் விடுபட்டால் நீரில் ஓர் இனம் காவலின்றி நிற்கும்.

இத்திருத்தத்தின் விளைவு காவிரியில் வெளிப்பட்டது. மகசீர் எனப்படும் பெருங்கெண்டையைத் தூண்டிலில் பிடித்து, எடை பார்த்து, மீண்டும் ஆற்றிலேயே விடும் விளையாட்டு கர்நாடகப் பகுதிக் காவிரியில் நெடுங்காலம் நடைபெற்று வந்தது. 1946-இல் காவிரியின் துணையாறாகிய கபினியில் பிடிபட்ட ஒரு மீன் 120 பவுண்டு எடை இருந்தது என்பர். சரணாலயத்திற்குள் தூண்டிலிடுதலும் வேட்டையே என்னும் கருத்து வலுப்பெற்றபின் அம்முகாம்களில் தூண்டில் விளையாட்டு நின்றது. ஆயினும் இங்கு ஒரு முரண் உண்டு. 1998 முதல் 2012 வரை அத்தூண்டிலாளர் எழுதிவைத்த பிடிப்புக் குறிப்புகளே, திமில் உடைய காவிரி மகசீர் அழிந்து வருவதை ஆய்வாளர்க்குப் புலப்படுத்தின. அம்மீனின் அறிவியற்பெயர் இன்னதென்று 2018-இல்தான் உறுதியாயிற்று. மிகவும் அழிநிலையில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அறிவித்ததும் அதே ஆண்டில்தான். தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்தது வரவேற்கத்தக்க செயலாகும்.

காவிரி தரும் பாடம் இதுவே: விதியை அவ்வப்போது திருத்த வேண்டும், திருத்தும்போது நீரை நாள்தோறும் காண்பவரைச் சான்றாளராக ஏற்க வேண்டும்.

சாத்தனூரின் நிலை

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். நந்தி மலைப்பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி வழியாக வந்து, கடலூர் அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்டது சாத்தனூர் அணை. அதன் முழு உயரம் 119 அடி. கட்டப்பட்டபோது கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. 1974-இல் தோன்றிய தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகம் மீன்வளப் பொறுப்பேற்ற நீர்த்தேக்கங்களுள் இதுவும் ஒன்று. பரிசலில் சென்று வலையிடுவோர்க்கு இது வாழ்வு; கரையில் தூண்டிலுடன் அமர்வோர்க்குப் பொழுதுபோக்கு. அணையைக் காணச் செல்வோர் முதலைப் பண்ணையையும் கண்டு மகிழ்வர். முதலைக்குச் சுவர் உண்டு. அச்சம் அதனைக் கட்டுவித்தது. அச்சம் தராத மீனுக்கு யார் எல்லை கட்டுவது?

நீர்த்தேக்கத்தில் எல்லை வகுப்பதில் தனியொரு சிக்கல் உண்டு. அதன் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. மழைக்காலத்தில் புதர்களைத் தொட்டு நிற்கும் நீர், கோடையில் நெடுந்தொலைவு பின்வாங்கிவிடும். வரைபடத்தில் நிலையான கோடாக வரைந்த அடைக்கலம் கோடையில் வெடித்த மண்ணாகக் கிடக்கும். அடைக்கலம் நாடிய மீனோ எஞ்சிய மடுவில் ஒடுங்கி, எளிதில் வலைப்படும். வெள்ளத்தின் வலிமையோ சொல்லுந்தரமன்று. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது இவ்வணையிலிருந்து விநாடிக்கு 1 இலட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறக்கப்பட்டது. அத்தகைய வெள்ளத்தின் முன் மிதவையும் அடையாளக் கம்பமும் எம்மாத்திரம்?

எனவே எல்லையை நீர்மட்டத்தோடு இணைத்து வகுத்தலே முறை. நீர் உயர்ந்திருக்கும் பருவத்தில், ஆறு தேக்கத்திற்குள் நுழையும் முகத்துவாரமும் ஆழமற்ற ஓரங்களும் அடைக்கலமாதல் வேண்டும். புதுவெள்ளத்தை எதிர்த்து மேலேறி முட்டையிடும் கெண்டை இனங்களுக்கு அதுவே வழி. நீர் குன்றும் பருவத்தில் ஆழமான மடுக்கள் அடைக்கலமாதல் வேண்டும். அடுத்த ஆண்டிற்கான விதை மீன் எஞ்சுவது அங்கேதான்.

பருவத்தின் அருமையை வரால் ஒன்றே உணர்த்தும். மலைபடுகடாம் போற்றிய அவ்வரால், நீர்ச்செடிகளிடையே கூடமைத்து முட்டையிட்டு, குஞ்சுகள் திரளாக நீந்தும் வாரங்களில் தாயும் தந்தையும் உடனிருந்து காக்கும் இயல்பினது. காற்றைச் சுவாசிக்க நீர்மேல் வந்தே ஆகவேண்டிய மீனாதலின், தூண்டிலாளர்க்கு அதன் இருப்பிடம் எளிதில் தெரிந்துவிடும். குஞ்சு காக்கும் வராலைப் பிடிப்பவர் ஒரு மீனைப் பிடித்ததாக எண்ணுகிறார். காவலிழந்த குஞ்சுத் திரளோ பிற மீன்களுக்கு இரையாகிறது. அவ்வாரங்களில் தூண்டிலை மடித்து வைப்பது பெரிய தியாகமாகாது.

எழும் மறுப்புகள்

ஆண்டுதோறும் மீன்குஞ்சுகளை விட்டுக்கொண்டே இருக்கும்போது அடைக்கலம் எதற்கு என்று வினவுவோர் உண்டு. ஹீராலால் சௌத்ரி 1957-இல் ஊக்கி மருந்தால் கெண்டை மீனை முட்டையிடச் செய்த நாள்முதல், குஞ்சு உற்பத்தி பெருகியது உண்மையே. எனினும் நீர்நிலைகளில் பெரிதும் விடப்படுவன கங்கைச் சமவெளியைத் தாயகமாகக் கொண்ட கட்லா, ரோகு, மிர்கால் போன்றவை. நம் ஓடைகளின் ஆராலையும் அயிரையையும் உளுவையையும் பண்ணையில் பொரித்து ஏரியில் விடுவார் அரியர். அவை தாமே பெருகினால்தான் உண்டு. போதாக்குறைக்குத் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நாட்டு நீர்நிலைகளில் புகுந்து சிறுமீன்களை விழுங்குகிறது.

மீனவர் பிழைப்பு என்னாவது என்பது அடுத்த வினா. இது நெஞ்சைத் தொடும் வினா. இதற்கு இசுலாமிய வரலாறு ஒரு விடை தருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் பொதுநலனுக்கென ஒதுக்கப்பட்ட காப்பு நிலம் 'ஹிமா' எனப்பட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அத்தகைய நிலத்திற்குக் காவலரை அமர்த்தியபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய எளியவர்களை உள்ளே விடும்படியும், செல்வர்களின் மந்தைகளைத் தடுக்கும்படியும் பணித்தார்கள். செல்வரின் கால்நடை மடிந்தாலும் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. எளியவருக்கு அவ்வளவே உடைமை என்பது அவர்கள் கூறிய காரணம். எல்லை வகுத்தலின் அறம் இதனுள் அடங்கும். அடைக்கலத்தின் உள்ளிடம் எவர்க்கும் அடைபட்டதாக இருக்கட்டும். அதனைச் சூழ்ந்த பகுதியில் பரிசலும் சிறுவலையும் உடையவர்க்கே முதலுரிமை இருக்கட்டும். பொழுதுபோக்குத் தூண்டிலாளர் உரிமம் பெற்று, அதற்குரிய கட்டணம் செலுத்தி, அதன்பின் வரட்டும். அமெரிக்காவில் 1950-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றால், தூண்டில் கருவிகள் மீதான வரி மீன்வளத்தைப் பேணுவதற்கே திரும்புகிறது. விளையாடுபவரே காவலுக்கும் பொருள் தரும் இம்முறை நமக்கும் ஏற்புடையது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, சாத்தனூரிலும் மாவட்டத்துப் பேரேரிகளிலும் அடைக்கல எல்லையை நீர்மட்ட அளவுகோலின் அடிப்படையில் வகுத்து, மூன்றாண்டுக்கு ஒருமுறையும் பெருவெள்ளத்திற்குப் பின்னும் மறுஆய்வு செய்தல் வேண்டும். இரண்டாவதாக, வலைக் கண்ணியின் அளவு, பிடிக்கக்கூடாத சிறுமீனின் நீளம், தூண்டிலுக்கு ஓய்வு தரும் மாதங்கள் ஆகியவற்றை எளிய தமிழில் எழுதிக் கரைதோறும் பலகை வைத்தல் வேண்டும். மூன்றாவதாக, ஏரிக் குத்தகையின் காலத்தை நீட்டித்தல் வேண்டும். குறுகிய காலக் குத்தகைதாரர் நீரை வடித்துக் கடைசி மீனையும் அள்ளவே முனைவார். அடுத்த ஆண்டும் தமக்கே என்று அறிந்தவர் விதை மீனை விட்டுவைப்பார். நான்காவதாக, மேலே பாயும் கழிவைத் தடுத்தல் வேண்டும். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்க ஓடும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். நஞ்சுக்கு நாம் வரையும் எல்லை தெரியாது.

திருக்குர்ஆனின் 'அல் அஃராஃப்' அத்தியாயம் கடலோர ஊர் ஒன்றைக் குறிப்பிடுகிறது. அவ்வூரார்க்கு ஓய்வுநாளில் மீன் பிடித்தல் விலக்கப்பட்டிருந்தது. அந்நாளில்தான் மீன்கள் நீர்மேல் திரண்டு வந்தன. விலக்கப்பட்ட நாளுக்கு முன்பே வலை விரித்து, அந்நாள் கழிந்தபின் எடுத்துக்கொண்டனர் என விளக்கவுரையாளர் கூறுவர். சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் கருத்தை மீறியோர் இறைவனின் சினத்திற்கு ஆளாயினர். எத்துணை நுட்பமாக விதி வகுத்தாலும் அதனை ஏய்க்கும் வழி மனிதனுக்குத் தெரியும் என்பதே அவ்வரலாற்றின் எச்சரிக்கை.

ஆகவே அதிகாரிகள் கோடு வரையட்டும்; மீனவர் அக்கோட்டை வரையுமிடத்தில் உடனிருக்கட்டும்; மாணவர்கள் தத்தம் ஊர் ஏரியின் மீன்களைப் பெயரிட்டு எழுதி வைக்கட்டும். வாளைக்கும் வராலுக்கும் பொருள் காண அகராதியைப் புரட்டும் தலைமுறை, அவற்றை நீரிலும் காணும் பேறு பெறல் வேண்டும். நாட்டு நன்மையில் நாட்டமுள்ள பெரியோர் இதற்கு முன்னின்று உதவுவாராக.