மணி ஒலித்தால் எழுவது யார்?

சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளிலும், பால் குளிரூட்டு நிலையங்களிலும், திருப்பதியின் ஆய்வகங்களிலும் மின்பலகையில் பதிக்கப்படும் மின் கண்காணிப்புக் கருவி, மின்னழுத்தம், மின்னோட்டம், அதிர்வெண், உச்சத்தேவை ஆகியவற்றை இடையறாது அளக்கிறது. வரம்பு மீறினால் ரிலே வழியாக மணியை ஒலிக்கவும், சுமையை விலக்கவும் அதனால் இயலும். அவ்வரம்புகளை அமைப்பதைக் கையேட்டைப் பார்த்து எண்களை நிரப்பும் வேலையாக வகுப்பறையில் கடந்துவிடுகிறோம். எச்சரிக்கை என்பது ஒரு மனிதரிடம் விடுக்கப்படும் வேண்டுகோள் என்பது என் கருத்து. அவர் யார், என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் உண்டு என்று அறியாமல் நிரப்பிய எண்ணால் பயனில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 230 வோல்ட் வழங்கலில் 207க்குக் கீழே மணி ஒலிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய மோட்டார் தொடங்கும்போதெல்லாம் மின்னழுத்தம் சில நொடிகள் தாழும். காலத்தாழ்வு கொடுக்காவிட்டால் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் மணி ஒலிக்கும். மணி அடங்கும் அளவைச் சற்று மேலே, 212 என்று வைக்காவிட்டால், அழுத்தம் 207ஐ ஒட்டி ஊசலாடும் நேரமெல்லாம் ரிலே படபடக்கும். ஒரு வாரத்தில் காவலர் மணியின் கம்பியைக் கழற்றிவிடுவார். குற்றம் அவருடையதன்று.

1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில், இரண்டே பணியாளர்கள் முன் 275 எச்சரிக்கைகள் குவிந்தன. அத்தனை குரல்களுக்கிடையே எதைக் கேட்பது?

மௌனம் இதனினும் கொடிது. 2003 ஆகஸ்ட் 14 பிற்பகலில், அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு மின் நிறுவனத்தின் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்தது. செயலிழந்ததை அறிவிக்க எதுவுமில்லை. மணி ஒலிக்காததைப் பணியாளர்கள் நலமென்று கொண்டனர். அன்று மாலை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தனர். அது ஒன்றே காரணமன்று. ஆயினும் காக்கும் வாய்ப்பிருந்த நேரத்தை அந்த மௌனம் விழுங்கியது.

ஆகவேதான் எச்சரிக்கை ரிலேவை நலமான நிலையில் இழுபட்டிருக்குமாறு இணைக்க வேண்டும். கருவி மின்சாரம் இழந்தாலும் கம்பி அறுந்தாலும் ரிலே விடுபட்டு மணி ஒலிக்கும். மணிக்குத் தனி மின்கலம் வேண்டும். சுமையை விலக்கும் ரிலேவுக்கு இதே முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது. கருவி பழுதானால் ஆலையே நின்றுவிடும். எது பெரிய இழப்பு என்று எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும். பாதுகாப்பு ரிலேவுக்குக் கண்காணிப்புக் கருவி மாற்றாகாது என்பதையும் மறக்கலாகாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது முன்நேரம். ஒப்பந்தத்தேவை 500 கேவிஏ எனில், 500இல் ஒலிக்கும் மணி செய்தி சொல்கிறது. 450இல் ஒலிப்பதே எச்சரிக்கிறது. ஆலையில் இத்தாமதம் அபராதத்தோடு போகும். எல்லா இடத்திலும் அப்படியன்று. மின்சாரமன்று, ஆக்சிஜன்: 2021 மே 10 இரவு திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில், லாரி வரத் தாமதமானதால் ஆக்சிஜன் அழுத்தம் தாழ்ந்தது. சுமார் ஐந்து நிமிடங்களில் வழங்கல் மீண்டதாக மாவட்ட நிர்வாகம் கூறியது. அதன் கணக்கின்படியே 11 பேர் இறந்தனர். அழுத்தமோ மின்னழுத்தமோ, வரம்பை எங்கே வைப்பது என்பதற்கு அளவுகோல் ஒன்றே: உதவி வந்துசேர ஆகும் நேரம்.

கருவியை விற்றவரே அமைத்துத் தருவார் என்பார்கள் சிலர். கருவியை அவர் அறிவார். இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருப்பவர் யார் என்பதை அவர் அறியார்.

ஆகவே திருப்பதி, சித்தூர் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு முன்மொழிவு. உங்கள் ஆய்வகத்தின் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் காரணம், செயல், செய்பவர், கிடைக்கும் நேரம் என நான்கு கட்டங்கள் வரைந்து, மாணவர்களையே நிரப்பச் செய்யுங்கள். செய்பவர் கட்டம் காலியாக இருந்தால், ஆளை நியமியுங்கள்; இயலாதெனில் அந்த மணியை நீக்குங்கள்.