நாவல் எழுத ஓர் இடம்

நாவல் ஒன்று எழுதவேண்டுமென்று நாம் சங்கற்பம் செய்துகொண்டு வருஷங்கள் பல ஆகின்றன. கேட்டவர்களிடமெல்லாம் தக்க இடம் வாய்க்கவில்லை என்று சொல்லி வந்தோம். திருவண்ணாமலையில் வசித்துக்கொண்டு அப்படிச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும்! சென்ற கோடை விடுமுறையில் நோட்டுப் புத்தகமும் கையுமாக விரூபாக்ஷி குகைக்கு ஏறினோம். கீழே கோபுரங்களைப் பார்த்தோம், காற்று வாங்கினோம், தலைப்பை மட்டும் எழுதிக்கொண்டு இறங்கினோம்.

அக்குகையில் ஸ்ரீ ரமணர் வாழ்ந்த நாளில், பிக்ஷைக்குச் செல்லும் அடியார்கள் பாடுவதற்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. அதனால் பிறந்ததே அக்ஷரமணமாலை. அதில் ஒரு பகுதியை அவர் கிரிப்பிரதக்ஷிணம் செய்யும்போதே இயற்றினாராம். தமிழின் முதல் நாவலும் ஒரு தேவையில் பிறந்ததுதான். முன்சீப் உத்தியோகம் பார்த்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதினார். 1879-ல் அது வெளிவந்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. நமக்கு நாற்பத்தாறுதான், அதில் ஓர் ஆறுதல்!

சென்ற மாதம் வகுப்பில் ஒரு சிறுமி, "கிரிவலப் பாதையில் பூ விற்கிறவர்களைப் பற்றிக் கதைப் புத்தகம் இருக்கிறதா, ஸார்?" என்று கேட்டாள். அவள் தாயார் பூ விற்பவர். நாம் படித்ததில்லை என்றோம். அன்றிரவு சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினோம். பூ வாங்கிக் கட்ட அந்த அம்மாள் விடியற்காலை எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்பது தெரியாமல் மூன்றாம் பக்கம் நிற்கிறது. நாளை விசாரிக்க வேண்டும்.