க.விலக்குக்கு விலக்கு இல்லையா?

அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷன்படி செமஸ்டர் எழுத 75% அட்டெண்டன்ஸ் வேணும். 65-லிருந்து 74 வரை இருந்தா விலக்கு கேட்கலாம். ஆனா காரணம் ரெண்டே ரெண்டுதான்: மாணவரோட உடல்நலம், விளையாட்டுப் போட்டி.

நம்ம பள்ளத்தாக்குல அப்பா ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறிட்டா, க.விலக்கு பெரியாஸ்பத்திரியில அம்மாவுக்குத் துணைக்கு இருக்கிறது பிள்ளைதான். நோயாளிக்குச் சர்டிஃபிகேட் உண்டு. துணைக்கு இருந்தவனுக்குக் கிடையாது. அதனால தனக்கே காய்ச்சல்னு ஒண்ணு வாங்கிட்டு வர்றான். உண்மையைச் சொன்னவன் மாட்டுறான், பொய் சொன்னவன் பரீட்சை எழுதுறான்.

75-ஐக் குறைக்கச் சொல்லலை. வீட்டுல ஒருத்தர் அட்மிட் ஆனா, அந்த அட்மிஷன் சீட்டை மூணாவது காரணமா ஏத்துக்கங்க. சரிபார்க்கிறதும் சுலபம்.

நண்பர்களே, நீங்களும் கடைசி வாரம் கெஞ்சாம, லீவு போடும்போதே உண்மைக் காரணத்தை எழுதிக் கொடுங்க. கேட்கிறவங்க கூடினாத்தான் ரூல் மாறும்.