சோற்றைக் குறைக்கும் முன் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

எனக்குச் சுகர் வந்த செய்தியை நாலு மாதத்துக்கு முன்னால் இங்கே எழுதியிருந்தேன். அப்போது மூன்று மாதச் சராசரி, ஹெச்பிஏ1சி என்கிறார்களே அது, 8.4. சோற்றைக் குறைத்த பிறகு போன வாரம் எடுத்ததில் 6.7. சந்தோஷத்தில் ரிப்போர்ட்டைப் படம் பிடித்துப் போட்டேன். "என்ன சாப்பிடுறீங்க டீச்சர்?" என்று திருப்பூரிலிருந்து துபாய் வரைக்கும் கேள்விகள். பதில் எழுதிக்கொண்டே இருந்தபோது ஒரு போன் வந்தது. அந்தப் போன்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளை. இப்போது 41 வயது. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பெட்டி போடும் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் சுகர் என்று தெரிந்து மாத்திரை எடுக்கிறாள். என் பதிவையும் பார்த்திருக்கிறாள், போனில் யாரோ பேசிய வீடியோவையும் பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து சோறே கிடையாது என்று முடிவு செய்துவிட்டாள். காலையில் இட்லியும் இல்லை. வழக்கம்போல மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, டிபன் பாக்ஸில் இரண்டு முட்டையும் வெள்ளரிக்காயும் வைத்துக்கொண்டு ஏழு மணி வண்டி ஏறியிருக்கிறாள்.

பதினொன்றரை மணிக்குக் கை நடுக்கம். உடம்பெல்லாம் வியர்வை. "எல்லாருக்கும்தான் வேர்க்குது, அதுமாதிரின்னு நெனச்சுட்டேன் டீச்சர்" என்றாள். அந்த ஷெட்டில் வியர்வையை யார் கணக்கில் எடுப்பார்கள்? லேபிளை இடம் மாற்றி ஒட்டியிருக்கிறாள். கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாமல் பேசியிருக்கிறாள். பக்கத்தில் இருந்த அக்கா சுதாரித்து வெளியே கூட்டி வந்து, டீயில் சீனியைக் கூடப் போட்டுக் குடிக்க வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாள். அந்த அக்காவுக்கும் சுகர். அதனால் பிழைத்தாள். சுற்றிலும் வெடிமருந்து உள்ள இடத்தில் கை நடுங்கி, புத்தி தடுமாறி ஒருத்தி உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அவள் கேட்டது இதுதான்: "இந்த டயட் என் ஒடம்புக்கு ஒத்துக்கலையோ டீச்சர்?"

மாத்திரைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்து இருந்தது. அப்போதே விளங்கிவிட்டது. கிளிமெபிரைடு கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. தட்டில் சோறு இருக்கிறதா, வெள்ளரிக்காய் இருக்கிறதா என்று அது பார்க்காது. வரப்போகும் சோற்றுக்காக இன்சுலின் வந்துவிடும், சோறு வராது. அப்புறம் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்காமல் என்ன செய்யும்? அரசு ஆஸ்பத்திரிகளில் பல வருடமாகக் கொடுத்துவந்த கிளிபென்கிளமைடும் இதே வகைதான். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் தனியாக எடுத்தால் இப்படிச் சர்க்கரை தாழ்வது அபூர்வம்.

எனக்கு எழுதிக் கொடுத்தது மெட்ஃபார்மின் மட்டும். அதனால்தான் நான் சோற்றைப் பாதிக்குப் பாதி குறைத்தும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு வரியை என் பதிவில் எழுதாமல் விட்டேன். முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள் செய்யக்கூடிய தப்பா இது? பரிசோதனை முடிவை எழுதினால் எந்தச் சூழ்நிலையில் கிடைத்தது என்றும் எழுத வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் மார்க் குறைத்தவள் நான்.

இதைச் சொன்னதும் எங்கள் மதினி, "அப்போ பேசாம பழையபடி சோத்தையே திங்கலாம்ல?" என்றார். கூடாது. என் அபிப்பிராயம் இதற்கு நேர் எதிர். சுகர் என்று தெரிந்த முதல் சில வருடங்கள்தான் சாப்பாட்டை மாற்றிப் பலன் பார்க்கக்கூடிய காலம். அதைக் கை நழுவ விடக்கூடாது.

ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு என்று ஒன்று. சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நாடு முழுக்க நடத்தியது. இந்தியாவில் சுகர் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் கணக்குச் சொன்னார்கள். அதே குழு 2022-இல் 18,090 பேருடைய சாப்பாட்டுக் கணக்கை வைத்து இன்னொன்று சொன்னது: புதிதாகச் சுகர் வந்தவர்கள் ரெமிஷன் நிலைக்கு வர வேண்டும் என்றால், சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சக்தியில் மாவுச்சத்தின் பங்கு 49 முதல் 54 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், புரதம் 20 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். இது ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுப் பார்த்த சோதனை இல்லை, கணக்குப் போட்டுச் சொன்னது. ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் நம் ஆட்கள் இப்போது சாப்பிடுவதில் மாவுச்சத்து 60 சதவீதத்துக்கு மேல். 50-க்கு இறங்குவது நம்மால் ஆகிற காரியம். வீடியோக்காரர்கள் சொல்கிற மாதிரி ஒரேயடியாக ஒழிக்க வேண்டியதில்லை.

ரெமிஷன் என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே நின்றால் அதற்கு அந்தப் பெயர். பிரிட்டனில் டைரெக்ட் என்ற ஆய்வில், சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் அந்த நிலைக்கு வந்தார்கள். இரண்டாம் வருட முடிவில் அது 36 ஆகிவிட்டது. அங்கே முக்கியமாக வேலை செய்தது எடை குறைந்ததுதான். நான் இன்னும் மெட்ஃபார்மின் எடுக்கிறேன். என் 6.7-ஐப் பார்த்து "டீச்சருக்குச் சுகர் போயிருச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்லும் தம்பிகள் கொஞ்சம் பொறுங்கள்.

சோற்றைக் கெட்டவன் என்று திட்டுகிறவள் இல்லை நான். எங்கள் கரிசல் காட்டில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கம்பும் சோளமும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-இல் மதிய உணவைக் கொண்டு வந்தபோது, அந்தச் சோற்றுக்காகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் எத்தனை! அவ்வளவு ஏங்கிக் கிடைத்த சோறு அது. "சோறு தின்னாத்தான் தெம்பு" என்று இன்றைக்கும் ஒரு மாமியார் சொன்னால் அவரிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அன்றைக்கு வெயிலில் களை எடுத்த உடம்பு. இன்றைக்கு ஏழு மணிக்கு வண்டி ஏறி, சாயங்காலம் வரை சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிற உடம்பு. பீஸ் ரேட்டு என்பதால் எழுந்து நடக்கக்கூட யோசிப்பார்கள்.

அந்த டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். புளிச்சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. சோறு மட்டும் 400 கிராம் இருந்தால் அதில் மாவுச்சத்து 110 கிராம் போல. உருளைக்கிழங்கு அதற்கு மேல். புரதத்தைத் தேடத்தான் வேண்டும். பருப்பு, எண்ணெய், மல்லி, வத்தல் விலைக்கு விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் பார்க்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் தட்டில் பருப்பு சாம்பாருக்கு நிறம் கொடுக்கத்தான் இருக்கிறது. ரேஷன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அரிசி இலவசம், 2011-இலிருந்து. துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். ஒரு கைப்பிடி கூட இல்லை. இந்த நிலையில் "அரிசியை விடு, பாதாம் சாப்பிடு" என்று அவளிடம் யார் சொல்ல முடியும்? மதுரையில் இருக்கும் என் தம்பி மகன் பேலியோ என்று மட்டனும் நெய்யும் பாதாமுமாக எட்டு கிலோ குறைத்தான். நல்ல பிள்ளை, வாழட்டும். அவனுடைய ஒரு வாரச் செலவில் அவள் வீட்டில் ஒரு மாதம் அடுப்பு எரியும்.

இன்னொன்று. முட்டை வாங்கினாலும் அது யார் தட்டுக்குப் போகும்? வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் முட்டை, இவளுக்குக் குழம்பு. சுகர் வந்தது இவளுக்கு. என் மாணவர்களில் ஆண்பிள்ளைகள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

சிறுதானியம் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். அரிசியில் 100 கிராமுக்கு மாவுச்சத்து சுமார் 78 கிராம். கம்பு, குதிரைவாலியிலும் 60-க்கு மேல். நார்ச்சத்து கூடுதல், அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் குதிரைவாலிச் சோறு என்று மூன்று தட்டு போட்டுக்கொண்டால் மீட்டர் ஏமாறாது. கூழாகக் கரைத்துக் குடித்தால் எனக்கு இன்னும் வேகமாக ஏறுகிறது. பருப்பிலும் பயறிலும் மாவுச்சத்து உண்டுதான். கூடவே புரதமும் நாரும் இருப்பதால் மெதுவாக ஏறும்.

அந்தப் பிள்ளையை மறுநாளே மாத்திரைச் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன். அரை நாள் கூலி போயிற்று. டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டு கிளிமெபிரைடை நிறுத்தி, மெட்ஃபார்மினை மட்டும் தொடரச் சொல்லி, இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னாராம். இது அவளுக்குச் சொன்னது. உங்களுக்கு இல்லை. இப்போது அவள் பாக்ஸில் ஒரு சின்ன டம்ளர் அளவு சோறு, பாதி இடத்துக்குச் சீனியவரைக்காய் அல்லது கத்தரிக்காய், தட்டாம்பயறோ மொச்சையோ அவித்துத் தாளித்தது, ஒரு முட்டை. தனியாக ஒரு பாட்டிலில் மோர். முட்டை ஒரு டீ விலைக்கும் குறைவு. சாயங்காலம் டீயோடு பன்னுக்குப் பதில் ஒரு கைப்பிடி நிலக்கடலை. டீயில் சீனி இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது என்கிறாள். எனக்கும்தான்.

சுருக்குப்பையில் ஒரு பொட்டலம் சீனி எப்போதும் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் வேலை செய்கிறவர்களிடமும் போர்மேனிடமும் "எனக்குச் சுகர் இருக்கு" என்று சொல்லி வைப்பதில் வெட்கம் எதற்கு? வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒருத்தரிடமாவது சொல்லி வையுங்கள்.

இன்னொரு மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற பெயர்களில் வருவது. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். நல்ல மருந்துதான். இதை எடுத்துக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலோ, பட்டினி கிடந்தாலோ, இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து உண்டு. மீட்டரில் சர்க்கரை அவ்வளவாக ஏறியிருக்காது, ஆனால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று வரும். சஷ்டி விரதம் இருக்கிற அத்தைமார்கள் கவனியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பமாக இருக்கும் பிள்ளைகளும் என் பதிவைப் பார்த்து எதையும் மாற்ற வேண்டாம்.

டாக்டர்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. கூட்டத்தில் அவர்களுக்கு நேரம் இல்லை என்பது தெரியும். ஆனாலும் மாத்திரை எழுதும்போது "சாப்பாட்டைக் குறைக்கிறதா இருந்தா முன்னாடியே எங்கிட்ட சொல்லுங்க" என்று ஒரு வரி சொன்னால் போதுமே. 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். அந்தத் தங்கச்சிகள் வாசலில் நிற்கும்போது "என்ன சாப்பிடுறீங்க, எதையாவது நிறுத்துனீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். சுகர் உள்ள வீட்டுக்கு ரேஷனில் இன்னொரு கிலோ பருப்போ கொண்டைக்கடலையோ கொடுத்தால் என்ன? அரசாங்கத்தில் வேலை பார்க்கும் மாணவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள், நானே கையெழுத்து வாங்குகிறேன்.

நாளைக்குக் காலையில் சோற்றைக் குறைக்கலாம் என்று இருப்பவர்கள் இன்றைக்கு மாத்திரைச் சீட்டோடு உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள். சீட்டை எனக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், நான் டாக்டர் இல்லை. டிபன் பாக்ஸைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதற்கு மார்க் போடுவேன்.

அடுத்த மாதம் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன 1998 செட் பிள்ளைகளுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வந்தாலும் பால்கோவா வேண்டாம். சாத்தூரில் இறங்கினால் சேவு வாங்காதீர்கள், வெள்ளரிக்காய் இருந்தால் வாங்கி வாருங்கள், பிஞ்சாகப் பார்த்து.