தள்ளுபடி என்னும் பொய்யளவு

தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டுச் செலவைப் பற்றி அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனைகளில் இன்று முதலிடம் பெற்றிருப்பது தள்ளுபடிச் சதவீதம். எந்தக் கடையில் எவ்வளவு குறைக்கிறார்கள், எந்தச் செயலியில் இன்று எந்தக் கூப்பன் செல்லும், எந்த உணவகத்தில் இரண்டு பிரியாணி வாங்கினால் மூன்றாவது இலவசம் என்பவை கைப்பேசி வழியாகத் தெருவெங்கும் பரவுகின்றன. அச்சிட்ட விலையிலிருந்து கழிந்த தொகை முழுவதும் குடும்பத்துக்கு மிச்சம் என்ற நம்பிக்கை அந்தச் செய்திகளின் அடியில் கேள்வியின்றிக் கிடக்கிறது. அந்த நம்பிக்கை தவறானது. தள்ளுபடி என்பது விற்பவர் தாமே எழுதிய எண்ணிலிருந்து தாமே கழித்துக் காட்டும் கணக்கு. வாங்குபவரின் மிச்சத்தை அளக்கும் தகுதி அதற்கு இல்லை. அதையே அளவுகோலாகக் கொண்டதனால், கடைத்தெருவைப் பற்றித் தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த நுட்பமான அறிவும் கண்முன்னே தேய்ந்துகொண்டிருக்கிறது.

பொட்டலப் பொருள்களில் இந்தக் கணக்கு தொடங்கும் இடம் அதிகபட்ச சில்லறை விலை, அதாவது வழக்கில் எம்.ஆர்.பி. எனப்படுவது. அதை அரசு நிர்ணயிப்பதாகப் படித்தவர்களிலேயே பலர் எண்ணுகிறார்கள். விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள் போன்ற சிலவற்றைத் தவிர்த்தால், அந்த எண்ணை எழுதுபவர் தயாரிப்பாளரோ பொட்டலமிடுபவரோ இறக்குமதியாளரோதான். 1990க்கு முன்பு பொட்டலத்தின்மேல் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று அச்சிட இடமிருந்ததால், வரியின் பெயரைச் சொல்லிக் கடைக்காரர் விருப்பம்போல் கூட்டி வாங்க முடிந்தது. அதைத் தடுப்பதற்காகவே, எல்லா வரிகளையும் உள்ளடக்கிய உச்ச விலையை அச்சிட வேண்டும் என்ற விதி அந்த ஆண்டு கொண்டுவரப்பட்டது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் இன்று அந்த உச்ச விலைக்கு மேல் விற்பதைத் தடுக்கின்றன. ஆனால் உச்ச விலைக்கும் அடக்க விலைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதற்குப் பொதுவான வரம்பு எதுவும் இல்லை. நாற்பது ரூபாய்க்கு விற்றாலே லாபம் தரும் பொருளின்மேல் எழுபது என்று அச்சிட்டு, அதை ஐம்பதுக்குக் கொடுத்து, இருபது ரூபாய் குறைத்ததாக ஒருவர் விளம்பரம் செய்யலாம். வாங்குபவரைக் காக்கப் போட்ட கூரை, விற்பவர் ஏறி நின்று குதித்துக் காட்டும் மேடையாகிவிட்டது.

இதற்கு மாற்றான அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது என்பதும், அதைப் பார்ப்பவர் அரிது என்பதும் வருத்தத்துக்குரியவை. பொட்டலங்களின்மேல் இப்போது அலகு விலையும் அச்சிடப்பட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலமானால் ஒரு கிராமுக்கு என்ன விலை, அதற்கு மேற்பட்டதானால் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று காட்டுவதே அலகு விலை. துவரம் பருப்பு 500 கிராம் பொட்டலத்தின் அச்சிட்ட விலை 120 ரூபாய் என்றும், 25 சதவீதத் தள்ளுபடியில் அது 90 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றும், பக்கத்துத் தெரு மளிகைக் கடையில் அதே தரமுள்ள பருப்பு கிலோ 165 ரூபாய்க்கு நிறுத்துக் கொடுக்கப்படுகிறது என்றும் வைத்துக்கொண்டால், பொட்டலத்தில் ஒரு கிராம் 18 பைசா, மளிகைக் கடையில் 16.5 பைசா. 30 ரூபாய் மிச்சம் என்று பில்லின் அடியில் அச்சிட்டுக் கொடுக்கும் கடையில் வாங்கியவர் உண்மையில் ஏழரை ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். எல்லாப் பொருளிலும் இப்படித்தான் என்று சொல்வதற்கில்லை. பெரிய கடைகள் மொத்தமாக எடுப்பதால் சோப்பு, பற்பசை போன்றவற்றில் உண்மையாகவே குறைத்துத் தருவதுண்டு. எது உண்மைக் குறைவு, எது தோற்றக் குறைவு என்பதைத் தள்ளுபடிச் சதவீதம் காட்டாது, அலகு விலை காட்டும். விலையை ஏற்றாமல் எடையை மட்டும் குறைக்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களின் தந்திரமும் அந்தச் சிறிய எழுத்துகளில்தான் வெளிப்படும்.

இந்த மயக்கத்துக்கு விற்பவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 2017இல் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தாலர், 1985இல் எழுதிய கட்டுரையில், ஒரு பொருளால் கிடைக்கும் பயனையும், அதை மலிவாக முடித்துவிட்டோம் என்ற எண்ணத்தால் கிடைக்கும் இன்பத்தையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டி, பின்னதைப் பரிவர்த்தனைப் பயன் என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். பொருள் தேவையே இல்லாதபோதும் இந்த இரண்டாம் இன்பம் மட்டும் கிடைக்கலாம். பரணில் பிரிக்கப்படாமல் கிடக்கும் பாத்திரங்களும் அலமாரியில் உடுத்தாத சேலைகளும் அதற்குச் சாட்சி. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்னும் பழைய கடைத்தொடர் நிறுவனம் 2012இல் கூப்பன்களையும் தொடர் தள்ளுபடிகளையும் கைவிட்டு, நாள்தோறும் ஒரே குறைந்த விலை என்று நேர்மையாக எழுதி வைத்தபோது, அவ்வாண்டில் அதன் விற்பனை ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதன் தலைமை அதிகாரி பதவி இழந்தார். மக்கள் தேடியது குறைந்த விலையை அன்று, குறைக்கப்பட்ட விலையை என்பது அங்கே வெளிப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்த உண்மை மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் நகைக்கடை. பொன்னின் கிராம் விலை ஒரே நாளில் கடைக்குக் கடை பெரிதாக மாறுவதில்லை. மாறுபவை செய்கூலியும் சேதாரமும். செய்கூலி என்பது நகை செய்த வேலைக்கான கூலி. சேதாரம் என்பது உருக்குவது, அராவுவது, மெருகிடுவது ஆகியவற்றில் இழக்கப்படும் பொன்னுக்கான ஈடு. குடும்பங்கள் பொன்னைக் கொண்டுபோய்ப் பத்தரிடம் கொடுத்து நகையாக வாங்கிய காலத்தில், பட்டறையில் சிந்திய துகளுக்குக் கணக்காகச் சேதாரம் பேசப்பட்டது. அதற்குக் கண்ணுக்குத் தெரிந்த காரணம் இருந்தது. இயந்திரத்தில் வார்த்த சங்கிலிக்கு அந்த அளவு இழப்பு இல்லை. துகளும் பெரும்பாலும் மீட்கப்படுகிறது. ஆயினும் சேதாரச் சதவீதம் வடிவத்துக்கு வடிவம், கடைக்குக் கடை வேறாக விதிக்கப்பட்டு, பிறகு அதில் பாதி தள்ளுபடி என்று பதாகை கட்டப்படுகிறது. இரண்டு பவுன், அதாவது 16 கிராம் சங்கிலிக்கு ஒரு கடை 24 சதவீதம் சேதாரம் விதித்துப் பாதியைக் கழித்தால் வாங்குபவர் 1.92 கிராம் பொன்னின் விலையைக் கூடுதலாகக் கொடுக்கிறார். தள்ளுபடியே சொல்லாமல் 10 சதவீதம் விதிக்கும் கடையில் அது 1.6 கிராம்தான். அக்கம்பக்கத்தில் பேசப்படுவதோ முதல் கடையின் பாதித் தள்ளுபடி. அதே நகையை அவசரத்துக்கு விற்கப் போகும் நாளில் செய்கூலியும் திரும்புவதில்லை, சேதாரமும் திரும்புவதில்லை என்பதை அந்தப் பேச்சில் ஒருவரும் நினைவூட்டுவதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் கட்டாயமாக்கப்பட்டுள்ள ஆறு எழுத்தெண் கொண்ட அடையாளக் குறியைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு, நகையின் தூய்மையைச் சரிபார்க்கலாம் என்பது எந்தத் தள்ளுபடிச் செய்தியையும்விடப் பயனுள்ள யோசனை; அது பரவிய வேகம் மிகக் குறைவு.

விலை குறைவதற்கெல்லாம் எதிராகப் பேசுவது இதன் பொருளன்று. காரணம் தெரிந்த விலைக்குறைவு வேறு, காரணம் மறைந்த விலைக்குறைவு வேறு. ஆடியில் திருமணங்கள் நடப்பதில்லை; துணிக்கடையில் வியாபாரம் மந்தமாகும்; தேங்கிய சரக்கைக் கழித்தால்தான் தீபாவளிச் சரக்குக்கு இடமும் பணமும் கிடைக்கும் என்ற தேவையிலிருந்து பிறந்த ஆடித் தள்ளுபடிக்குக் காரணம் இருந்தது. ஆண்டு முழுவதும் ஏதாவதொரு பெயரில் தள்ளுபடி நடக்கும்போது அந்தக் காரணம் கரைந்துவிடுகிறது. மாலையில் சந்தை கலையும் நேரத்தில் தக்காளி மலிவதற்குக் காரணம், அது மறுநாள் வரை தாங்காது என்பது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலில் தொடங்கப்பட்ட உழவர் சந்தையில், மொத்த விலைக்குச் சற்று மேலும் சில்லறை விலைக்குச் சற்றுக் கீழுமாக அன்றன்று விலை வைத்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். இடைத்தரகர் இல்லாததால் குறைந்தது எவ்வளவு என்பதை உழவரும் வாங்குபவரும் ஒரே பலகையில் படிக்கிறார்கள். 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்குக் கிடைத்ததற்கு மாநகராட்சி ஏற்ற செலவு காரணம். செயலியில் அறுபது சதவீதம் குறையும் சாப்பாட்டுக்கு மட்டும் யார் செலவை ஏற்கிறார் என்று கேட்கும் வழக்கம் இல்லாமற்போயிற்று.

அந்தச் செலவைப் பெரும்பாலும் உணவகக்காரரும், அவர் வழியாக உண்பவருமே ஏற்கிறார்கள். ஒவ்வோர் ஆர்டரிலும் செயலி நிறுவனத்துக்குக் கணிசமான தரகு போவதால், பல உணவகங்கள் செயலியில் காட்டும் விலையைக் கடை விலையைவிட உயர்த்தி வைக்கின்றன. அந்த உயர்ந்த விலையிலிருந்து கழிவு தரப்பட்டு, பிறகு பொதிக் கட்டணம், விநியோகக் கட்டணம், தளக் கட்டணம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. தொடக்கத்தில் சிறிய விலையைக் காட்டி, பணம் செலுத்தும் கடைசிப் படியில் மற்றவற்றை வெளியிடுவதைச் சொட்டு விலை என்பார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் வாங்குபவரை மயக்கும் பதின்மூன்று இணைய உத்திகளைத் தடைசெய்தபோது, இதையும், ‘இன்னும் பத்து நிமிடமே’ என்பது போன்ற பொய் அவசரத்தையும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதையும் அப்பட்டியலில் வைத்தது. இதற்கு மாறாக, சென்னைத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் எனப்படும் விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்குப் பல்லாண்டுகளாகச் சோறிட்ட மெஸ்களில் விலைப்பலகையில் எழுதியிருப்பதுதான் கொடுக்கும் தொகை. இரண்டாம் முறை சோறு கேட்பவரிடமும் ரசம் கொஞ்சம் கூட விடச் சொல்பவரிடமும் இலை முன் நிற்பவர் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தச் சோற்றுக்குச் சதவீதம் போட வழியில்லாததால் தள்ளுபடிப் பட்டியலில் அது இடம்பெறுவதே இல்லை.

பட்டியலில் இடம்பெறாத இன்னொன்று சந்திப்பு. வீடும் வேலையிடமும் அல்லாமல், செலவு அதிகமின்றி மக்கள் கூடிப் பேசும் பொது இடத்தை அமெரிக்கச் சமூகவியலர் ரே ஓல்டன்பர்க் மூன்றாம் இடம் என்றார். தமிழ்நாட்டில் அந்த இடத்தைத் தேநீர்க் கடையும் முடிதிருத்தகமும் வகித்தன. திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டு விவாதித்த அரசியல் பள்ளிகளாகவும் அவை இருந்தன. ஒரு தேநீருக்கு அரை மணி நேரம் பெஞ்சில் அமர்பவரை எழுப்பாத அந்தக் கடையின் பயனை எந்த ரசீதும் காட்டாது. பத்து நிமிடத்தில் பொருள் வாசலுக்கு வந்துவிடும் ஏற்பாட்டில் வாங்குவது நிகழ்கிறது, யாரையும் காண்பது நிகழ்வதில்லை. தனியே வாழும் முதியவர்களுக்கு மளிகைக் கடை வாசல்தான் நாளின் ஒரே உரையாடலாக இருந்தது என்பதை நினைக்கும்போது இந்த இழப்பைச் சிறிதென்று ஒதுக்க மனம் வருவதில்லை.

ஏழைக் குடும்பத்துக்கு ஒவ்வொரு ரூபாயும் முக்கியம், தெருக் கடையின் மீது பாசம் காட்டுவது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற மறுப்பு எழும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் தள்ளுபடிகளின் விதிகளைப் படித்தால் அவை யாருக்காக எழுதப்பட்டவை என்பது புலனாகும்: ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வாங்கினால், இரண்டு கிலோவாக எடுத்தால், இன்ன வங்கியின் கடன் அட்டையில் செலுத்தினால் என்று ஒவ்வொன்றும் கையில் பணமிருப்பவரையே அழைக்கிறது. நாட்கூலியில் வாழும் குடும்பம் இன்றைக்கு வேண்டிய கால் லிட்டர் எண்ணெயையும் அரைக் கிலோ அரிசியையும் வாங்குகிறது. வேலை இல்லாத வாரத்தில் வட்டியில்லாமல் நோட்டில் எழுதிக்கொள்ளும் கடைக்காரரை நம்பி வாழ்கிறது. வசதியுள்ளவர்கள் மாதச் சரக்கை வேறிடத்தில் எடுக்கத் தொடங்கி அந்தக் கடை மூடப்படும்போது, தள்ளுபடியும் கிடைக்காமல் நோட்டும் இல்லாமல் நிற்பது அக்குடும்பமே. தெருக் கடைக்காரர்கள் குற்றமற்றவர்கள் என்றும் கூறுவதற்கில்லை. குளிரூட்டும் செலவு என்று சொல்லி அச்சிட்ட விலைக்கு மேல் இரண்டு ரூபாய் வாங்குவதும், முத்திரையிடாத தராசில் நிறுப்பதும் சட்டமீறல்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயற்படுத்தும் தொழிலாளர் துறையிடமோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ முறையிடலாம். முகம் தெரிந்த கடைக்காரரிடம் நேரிலும் கேட்கலாம் என்பது இங்கே கூடுதலான வசதி.

ஒரு தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்திடம் பக்கத்து வீட்டார் முன்பு சொன்னவை வேறு வகையானவை: எந்தக் கடையின் பருப்பு சீக்கிரம் வேகும், எவரிடம் வாங்கிய உளுந்து மாவு நன்றாகப் பொங்கும், மீன் எந்தக் கிழமை புதிதாக வரும், எந்தக் கடைக்காரர் குழந்தையைத் தனியே அனுப்பினாலும் சரியான சில்லறை தருவார், எந்த மெஸ்ஸில் உடம்பு சரியில்லாதவருக்குக் கஞ்சி கேட்டால் கிடைக்கும். இவை ஒவ்வொன்றும் ஒருவர் பலமுறை வாங்கி, சமைத்து, ஏமாந்து, திரும்பப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டவை. அறுபது சதவீதம் என்ற செய்தியை அனுப்புபவர் அந்தப் பொருளைப் பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டியதே இல்லை. பெறுபவரும் பருப்பு வேகுமா என்று அவரிடம் கேட்பதில்லை.